28-க்கும் கீழே: பாக்கெட்டில் அடங்கும் அல்ட்ரா வைடு பிலிம் கேமராக்களில் எது யாருக்கு?

28 மி.மீ. லென்ஸ் உள்ள சின்ன பிலிம் கேமராக்களுக்குப் பஞ்சமே இல்லை. ரிக்கோ ஜி.ஆர்.1, மினோல்டா டி.சி.-1, நிக்கான் 28டி.ஐ. என்று வரிசையாகச் சொல்லலாம். எண் குறையக் குறைய லென்ஸின் பார்வை அகலும். 24-க்கு வந்தால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். 21, 22, 17 என்றால் விரல்விட்டு எண்ணிவிடலாம். எண்ணிக்கை குறைவு என்பதால் தேர்வு சுலபம் என்று நினைக்க வேண்டாம். மலிவான பிளாஸ்டிக் டப்பாவும் ஆயிரம் டாலரைத் தாண்டும் கேமராவும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

முதலில் அந்தச் சில மில்லிமீட்டர் எவ்வளவு வித்தியாசம் காட்டும் என்று பார்ப்போம். ஒரு சுவருக்கு நேராக 2 மீட்டர் தள்ளி நின்று கேமராவைக் கிடையாகப் பிடித்தால், 28 மி.மீ. லென்ஸில் சுமார் 2.6 மீட்டர் அகலச் சுவர் படத்துக்குள் வரும். 24-இல் 3 மீட்டர், 22-இல் 3.3, 21-இல் 3.4. 17 மி.மீ. லென்ஸ் 4.2 மீட்டரை விழுங்கும். ஆகவே 21-க்கும் 22-க்கும் நடுவே மண்டையை உடைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. 24, 21, 17 ஆகிய மூன்றுதான் உண்மையான படிகள்.

எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே மடங்கி எழும் ஒரு கண்ணாடி இருக்கும்; பாக்கெட் கேமராவில் அது கிடையாது. அதனால் லென்ஸின் பின்முனை பிலிமுக்கு மிக அருகில் உட்காரலாம், எஸ்.எல்.ஆர். வைடு லென்ஸைப் போல முன்பக்கம் பெரிதாக வீங்க வேண்டியதில்லை. நல்ல வடிவமைப்பாக இருந்தால் நேர்கோடு நேர்கோடாகவே விழும். இதற்கு விலையாக ஓரங்களில் இருட்டு வரும். ஒளி சாய்ந்து விழுவதால், கணக்குப்படி 21 மி.மீ.யில் மூலை நடுப்பகுதியைவிட இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்) மங்கலாம், 17-இல் மூன்றை நெருங்கும். நெகட்டிவ் பிலிம் இதைப் பெருமளவு தாங்கிக்கொள்ளும். நேரடியாகப் பாசிட்டிவ் படம் தரும் ஸ்லைடு பிலிமில் அப்பட்டமாகத் தெரியும்.

ரிக்கோ ஜி.ஆர்.21

2001-இல் வந்தது. எஃப் 3.5 துவாரமுள்ள 21 மி.மீ. லென்ஸில் ஆறு தொகுதிகளாக ஒன்பது கண்ணாடிகள். 30 செ.மீ. நெருக்கம் வரை ஃபோகஸ் ஆகும். இந்தக் கடைசித் தகவல்தான் முக்கியம். அல்ட்ரா வைடின் சுவையே ஒரு பொருளை முகத்துக்கு நேரே வைத்து, அதற்குப் பின்னால் முழு இடத்தையும் காட்டுவதில் இருக்கிறது. 30 செ.மீ.க்கும் 1 மீட்டருக்கும் உள்ள வித்தியாசம், 21-க்கும் 24-க்கும் உள்ளதைவிடப் பெரிது.

அபெர்ச்சரை, அதாவது துவாரத்தின் அளவை, நாமே வைக்கலாம்; எஃப் எண் சிறிதானால் துவாரம் பெரிது. எஃப் 8-இல் ஃபோகஸ் 1.8 மீட்டரில் நின்றால், சுமார் 90 செ.மீ.யிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை கூர்மை கிடைக்கும். வெளிச்சத் திருத்தத்துக்குத் தனி டயல் இருக்கிறது, அதுவும் தினமும் உதவும். வைடு லென்ஸில் பாதிப் படம் வானமாகிவிடும். ஒளியை அளக்கும் மீட்டர் அந்த வெளிச்சத்தை நம்பி ஷட்டரை வேகப்படுத்த, தரையில் நிற்பவர்கள் இருண்டுபோவார்கள். வானம் நிறைய இருந்தால் அந்த டயலில் +1 (ஒரு ஸ்டாப் கூடுதல்) வைத்துவிடுங்கள்.

பிலிம் போட்டதும் முழுச் சுருளையும் வெளியே இழுத்துவிட்டு, எடுக்க எடுக்க ஒவ்வொரு ஃபிரேமாக டப்பாவுக்குள் திரும்பச் சுற்றும் வகை இது. தவறிப் பின்கதவு திறந்துகொண்டால் எடுத்த படங்கள் பெரும்பாலும் தப்பிவிடும், எடுக்காத மிச்சம்தான் வீணாகும்.

குறை என்ன? வயது. மேலே உள்ள எல்.சி.டி. திரை மங்குவதும், எண்களில் கோடுகள் விட்டுப்போவதும் ஜி.ஆர். குடும்பம் முழுவதும் அறிந்த நோய். உதிரி பாகம் கிடைப்பது அரிது. இன்னொரு செத்த கேமராவிலிருந்து கழற்றித்தான் மாட்ட வேண்டியிருக்கும். படத்தின் தரத்தில் இந்தப் பட்டியலில் இதற்குச் சமம் எதுவும் இல்லை. ஆனாலும் நின்றுபோனால் மொத்தப் பணமும் போச்சு என்பதை ஏற்றுக்கொள்ள முடிந்தவர் மட்டும் வாங்கட்டும்.

லோமோ எல்.சி.-வைடு

2011-இல் லோமோகிராஃபி கொண்டுவந்தது. 17 மி.மீ., எஃப் 4.5 மினிகான் லென்ஸ். ஜி.ஆர்.21-க்கு நேரெதிர் குணம்: ஓரம் இருளும், நிறம் அடர்த்தியாகும், மூலையில் நிற்கும் முகம் இழுபடும். கட்டடத்தை ஒழுங்காகப் பதிவு செய்ய இது ஆகாது. நெரிசலான பேருந்துக்குள்ளேயும், குறுகிய சமையலறையிலும், இரண்டடி தள்ளி நிற்கும் நண்பர்களிடமும் இதன் வேகத்துக்கு ஈடில்லை.

ஃபோகஸுக்கு இரண்டே நிலை: 40 முதல் 90 செ.மீ. ஒன்று, 90 செ.மீ.க்கு அப்பால் எல்லாம் மற்றொன்று. 17 மி.மீ.யில் கூர்மையின் ஆழம் அதிகம் என்பதால் இது போதும். பிழை நடப்பது இந்த நிலையை மாற்றும் நெம்புகோலைத் திருப்ப மறக்கும்போது. கிட்டே எடுத்துவிட்டு அப்படியே தெருவை எடுத்தால், மங்கிய மாலையில் துவாரம் விரிந்திருக்கும், தூரம் குழைந்துவிடும். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் விரல் நெம்புகோலைத் தூரத்துக்குத் திருப்பும் பழக்கம் வரட்டும்.

வெளிச்சம் குறைந்தால் ஷட்டர் நொடிக்கணக்கில் திறந்திருக்கும். கேமராவை மேசையில் வைத்து எடுத்தால் அழகான இரவுப் படம், கையில் பிடித்தால் வெறும் கோடுகள். தனித் திருத்த டயல் இல்லை. பிலிமின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. சக்கரத்தைத்தான் ஏமாற்ற வேண்டும்: 400 பிலிமுக்கு 200 என்று வைத்தால் ஒரு ஸ்டாப் கூடும். மூன்று எல்.ஆர்.44 பேட்டரிகள் எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும். ஜி.ஆர்.21-க்கும், கீழே வரும் ஃபியூஜி நேச்சுராவுக்கும் வேண்டிய சி.ஆர்.2-வைத் தேடித்தான் வாங்க வேண்டும்.

விவிட்டார், ரெட்டோ: 22 மி.மீ. பிளாஸ்டிக்

விவிட்டார் அல்ட்ரா வைடு அண்ட் ஸ்லிம் பழைய சரக்கு. அதே யோசனையை ரெட்டோ இப்போது புதிதாகச் செய்து விற்கிறது. 22 மி.மீ., எஃப் 11, 1/125 நொடி. எதையும் மாற்ற முடியாது. பேட்டரி, மீட்டர், ஃபிளாஷ் எதுவுமில்லை. ஃபோகஸ் ஒரு மீட்டருக்கு அப்பால்.

பிலிம் தேர்வுதான் இங்கே மீட்டர். ஐ.எஸ்.ஓ. 400 கலர் நெகட்டிவ் போட்டால், கொளுத்தும் வெயிலில் மூன்று ஸ்டாப் அதிகமாகும், அதைப் பிலிம் தாங்கும். அடர்ந்த மேகமூட்டத்திலும் திறந்த நிழலிலும் கணக்கு அச்சாகப் பொருந்தும். வீட்டுக்குள் விளக்கொளியில் ஐந்து ஸ்டாப்புக்கு மேல் குறையும். லேப் எவ்வளவு முயன்றாலும் சேறுதான் வரும். ஸ்லைடு போடவே வேண்டாம்.

அடிக்கடி கெடுவது வேறொன்றால்: உடல் மெலிதாக இருப்பதால் இடது கை விரல்நுனி முன்புறம் வளைந்து லென்ஸின் பார்வைக்குள் வந்துவிடும். வியூஃபைண்டரில் அது தெரியாது. ரோல் கழுவி வந்தபின் இளஞ்சிவப்புத் திட்டாகத் தெரியும். மேல் கீழ் விளிம்புகளை மட்டும் இரு விரல்களால் பிடியுங்கள்.

ஃபியூஜி நேச்சுரா எஸ்

2004-இல் ஜப்பானில் மட்டும் விற்றது. 24 மி.மீ., எஃப் 1.9. ஐ.எஸ்.ஓ. 1600 பிலிம் போட்டால் ஃபிளாஷை அணைத்துவிட்டு இருக்கிற வெளிச்சத்திலேயே எடுக்கும் முறைக்குத் தானாக மாறும். அதற்கென்றே பிறந்த நேச்சுரா 1600 பிலிம் இப்போது தயாரிப்பில் இல்லை. இந்தக் கேமராவின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு வரிதான். 800 பிலிமின் டப்பாவில், அதன் ஐ.எஸ்.ஓ.வைக் கேமராவுக்குச் சொல்லும் டி.எக்ஸ். குறியீட்டு லேபிள் ஒட்டி 1600 என்று நம்பவைப்பவர்கள் உண்டு. இவ்வளவு வேகமான பிலிமோடு விமானத்தில் போனால், புது வகை சி.டி. ஸ்கேனருக்குள் விடாமல் கையால் சோதிக்கச் சொல்லுங்கள்.

எஃப் 1.9-இல் கூர்மையின் ஆழம் குறைவு என்பதால் ஆட்டோஃபோகஸ் எங்கே நின்றது என்பது முக்கியம். இருவர் நடுவே இடைவெளி இருந்தால் பின்னாலுள்ள சுவரைப் பிடித்துவிடும். ஒருவர் முகத்தில் பட்டனைப் பாதி அழுத்திப் பூட்டிவிட்டுப் படத்தை அமைக்கவும். உட்புறமும் இரவும்தான் உங்கள் வேலை என்றால் இதை விட்டால் வேறில்லை. பகலுக்கு இந்த விலை கொடுப்பது வீண்.

பனோரமா வழிகள்

மினோல்டா பீஸ் 24 மி.மீ. லென்ஸ் கொண்டது. ஆனால் மேலும் கீழும் மறைத்து 13 மி.மீ. உயரப் பட்டையாகத்தான் எடுக்கும். ரிக்கோ ஆர்1 சாதாரணமாக 30 மி.மீ.; பனோரமா முறையில் 24 ஆகும். மறைப்பை அகற்றி முழு ஃபிரேம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். மூலைகள் மங்கி இருண்டுவரும். மலிவாகக் கையில் சிக்கினால் சரி, தேடிப்போக வேண்டாம்.

பாக்கெட்டை விட்டுக்கொடுத்தால்

1999-இல் வந்த வாய்க்லாண்டர் பெஸ்ஸா எல் உடலில் 15 மி.மீ., எஃப் 4.5 ஹீலியார் லென்ஸைத் திருகினால், இங்கே சொன்ன எல்லாவற்றையும்விட அகலம், ஏறக்குறைய 110 பாகை. ஷட்டர் முழுக்க இயந்திரம். பேட்டரி மீட்டருக்கு மட்டும். உடலில் வியூஃபைண்டர் கிடையாது, தனியாக மேலே செருக வேண்டும். அதனால் சட்டைப் பைக்கு ஆகாது, தோள்பைக்கு ஆகும். தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு வளையத்தில் வைத்தால் போதும். எலெக்ட்ரானிக்ஸ் செத்துக் கேமரா குப்பையாகும் பயம் இல்லாததால், பத்து வருடம் வைத்திருக்க நினைப்பவருக்கு எங்கள் கை இதையே காட்டும். அல்ட்ரா வைடு தனக்கு ஒத்துவருமா என்றே தெரியாதவர் ரெட்டோவில் இரண்டு ரோல் ஓட்டிவிட்டு வரட்டும். அது பிடித்துப்போய், கிட்டே போகவும் மங்கிய வெளிச்சத்தில் எடுக்கவும் ஆசை வந்தால் அடுத்தது எல்.சி.-வைடு.

பழையதை வாங்கும்போது பணம் கொடுக்கும் முன் இவற்றைப் பாருங்கள். ஜி.ஆர்.21-இல் திரையின் எல்லா எண்களும் முழுசாகத் தெரிகின்றனவா என்று அபெர்ச்சரையும் முறைகளையும் மாற்றிப் பார்க்கவும். எல்.சி.-வைடைச் சுருதி பிடிப்பதுபோலக் காதால் சோதிக்கலாம்: வெயிலை நோக்கி அழுத்தினால் ஒரே ‘டிக்’, லென்ஸைக் கையால் பொத்தி அழுத்தினால் திறப்பும் மூடலும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். விவிட்டாரில் பிலிம் இல்லாமல் பட்டன் வேலை செய்யாது. பின்கதவைத் திறந்து, பிலிம் துளையில் மாட்டும் பல்சக்கரத்தை விரலால் நிற்கும்வரை சுற்றிவிட்டு அழுத்தவும். எல்லாவற்றிலும் லென்ஸுக்குப் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். நூல்நூலாகத் தெரிந்தால் பூஞ்சை, கடலோர ஊர்களில் அது வேகமாகப் பரவும். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் சுங்கவரியையும் விலையோடு கூட்டிக்கொண்டு பேரம் பேசவும்.