ஊசிக்குப் பிந்தைய மூன்று நாள்: நுரையீரல் புற்றுநோயாளி வீட்டில் விரல் ஆக்ஸிமீட்டர் எவ்வளவு உதவும்?

ஃப்ளூ ஊசியோ நிமோனியா ஊசியோ போட்ட அன்று இரவு, நுரையீரல் புற்றுநோய்க்குச் சிகிச்சையில் இருப்பவருக்கு உடம்பு சுடுகிறது, லேசாக மூச்சும் வாங்குகிறது. இது ஊசியின் வேலையா, வேறு ஏதாவதா? இதைத் தெரிந்துகொள்ளத்தான் பலர் விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்ஸிஜன் சதவீதத்தைப் பார்க்கும் ஆக்ஸிமீட்டரை வாங்குகிறார்கள். வாங்க வேண்டிய கருவிதான். ஆனால் ஊசிக்கு முந்தைய வாரமே வாங்கிப் பழகியிருக்க வேண்டும். காய்ச்சல் வந்த ராத்திரி கடையைத் தேடி ஓடி, மாட்டிப் பார்த்து 93 என்று வந்தால், அது இன்றைக்கு இறங்கியதா, ஆறு மாதமாகவே அப்படித்தான் இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்தவர்களுக்கும், வருஷக்கணக்கான புகைப்பழக்கத்தால் சுவாசக்குழாய் கெட்டவர்களுக்கும் 92, 93 சாதாரண அளவாகவே இருக்கலாம். ஆகவே ஊசிக்கு முன் மூன்று நாள், காலையும் மாலையும் அளந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கையைத் தலையணை மேல், நெஞ்சு மட்டத்துக்கு வைக்க வேண்டும். ஆள்காட்டி விரலோ நடுவிரலோ, ஒரே விரலில் எப்போதும் பாருங்கள். மாட்டியதும் வரும் முதல் எண்ணை எடுக்காதீர்கள். அரை நிமிடமாவது பொறுத்து, ஆடாமல் நிற்கும் எண்ணை எழுதுங்கள். நாடித்துடிப்பையும் பக்கத்திலேயே எழுதுங்கள். பிறகு வீட்டுக்குள்ளேயே வழக்கமான வேகத்தில் ஒரு நிமிடம் நடக்கச் சொல்லி மறுபடி பார்த்து, அதையும் குறியுங்கள். உட்கார்ந்திருக்கும்போது சரியாக இருந்து, நடந்தால் மட்டும் இறங்கும் ஆக்ஸிஜன்தான் நுரையீரல் அழற்சியின் (மருந்தாலோ ரேடியேஷனாலோ நுரையீரல் புண்ணாவதன்) முதல் அடையாளமாகப் பல நேரம் இருக்கும்.

கருவியின் துல்லியத்துக்கு வருவோம். பெட்டியில் ±2 சதவீதம் என்று போட்டிருக்கும். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அளவுகள்தான் அந்த எல்லைக்குள் வரும் என்பது அதன் பொருள். 96 காட்டியது அடுத்த நிமிடம் 94 காட்டினால் பதற வேண்டியதில்லை. வழக்கமான அளவிலிருந்து மூன்று நான்கு புள்ளி இறங்கி, பத்து நிமிடம் கழித்தும், இன்னொரு விரலிலும் அப்படியே நின்றால்தான் அது இறக்கம். கறுத்த தோலில் இந்தக் கருவிகள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2021 பிப்ரவரியில் எச்சரித்தது. நம் ஊர்த் தோல் நிறத்துக்கு இதை மனதில் வைத்தே எண்ணைப் படிக்க வேண்டும். மூச்சுத் திணறல் கண்ணுக்குத் தெரியும்போது கருவி 96 காட்டுகிறது என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

கருவி தவறு செய்யும் இடங்கள் இந்த நோயாளிகளிடம் அதிகம். டோசிடாக்ஸல், பாக்லிடாக்ஸல் என்ற கீமோ மருந்துகள் போடுபவர்களுக்கு நகம் கறுத்துத் தடித்துப்போகலாம். சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் அதைத் தாண்டி ஒழுங்காகப் போகாது. கைவிரலில் வரவில்லை என்றால் காது மடலில் மாட்டும் வகையை மருத்துவமனையில் பயன்படுத்துவார்கள். விரல் கருவியையே காதில் கவ்வவிட்டுப் பார்ப்பதால் பலன் இல்லை. நகப்பூச்சை அழித்துவிடுங்கள், மருதாணி கறுப்பாகப் பிடித்த விரலைத் தவிருங்கள். ஏசி அறையில் சில்லிட்ட விரலைத் தேய்த்துச் சூடாக்கிய பிறகு மாட்டுங்கள். ரத்த ஓட்டத்தைக் காட்டும் 'பிஐ' எண் உள்ள கருவியே நல்லது, அது 0.5க்குக் கீழே இருந்தால் ஆக்ஸிஜன் எண்ணை நம்பாதீர்கள். ரத்தசோகை இன்னொரு சிக்கல். கீமோவில் ஹீமோகுளோபின் 7க்கு வந்தவருக்கும் கருவி 98 காட்டும். இருக்கிற சிவப்பணுக்கள் நிறைந்திருக்கின்றன என்று மட்டுமே அது சொல்லும். எவ்வளவு சிவப்பணு இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

இவ்வளவு சொன்ன பிறகும், இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் முதலில் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரை வாங்குங்கள். ஆக்ஸிமீட்டர் ஆயிரம் ரூபாய்க்கு அப்படி இப்படி என்றால், இது அதில் ஒரு சிறு பங்குதான். ஆனால் உயிரைக் காப்பாற்றும் எண் பெரும்பாலும் இதில்தான் தெரியும். கீமோ முடிந்த 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளணு மிகவும் இறங்கியிருக்கும். அந்த நாட்களில் ஒரே ஒரு தடவை 101 டிகிரி வந்தாலும், 100.4 ஒரு மணி நேரம் நின்றாலும் அவசர சிகிச்சைக்குக் கிளம்ப வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டிய நிலை அது. 'ஊசி போட்டதால்தான் காய்ச்சல்' என்று பாராசிட்டமால் கொடுத்துப் படுக்க வைப்பதுதான் இங்கே நடக்கும் மிகப் பெரிய தவறு. முதலில் அளவு, அப்புறம் டாக்டருக்குப் போன், அதற்கப்புறம்தான் மாத்திரை. நாக்குக்கு அடியில் வைத்துப் பாருங்கள். காபி குடித்திருந்தால் அரை மணி பொறுங்கள். அக்குளில் அளந்தால் குறைவாகவே காட்டும். நெற்றிக்கு நேரே பிடிக்கும் துப்பாக்கி வகை சென்னைப் புழுக்கத்தில் வியர்த்த நெற்றியில் ஏமாற்றும். டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு எடுப்பவருக்குக் காய்ச்சல் மறைந்தே இருக்கலாம். குளிர் நடுக்கமும் ஏறிய நாடியும்தான் தடயம். ஊசி நன்றாக வேலை செய்யத்தான் முடிந்தால் கீமோ தொடங்க இரண்டு வாரம் முன்பே ஊசியைப் போட்டுவிடச் சொல்கிறார்கள்.

ஊசியால் வருவது எது? போட்ட கையில் வலி, வீக்கம், உடம்பு வலி, அசதி, மிதமான காய்ச்சல். முதல் இரண்டு நாளில் வந்து மூன்றாம் நாளோடு அடங்கும். அக்கி அம்மைக்கான ஊசியில் இவை கொஞ்சம் பலமாகவே இருக்கும். நான்காம் நாள் புதிதாகத் தொடங்கும் காய்ச்சலை ஊசியின் கணக்கில் எழுத வேண்டாம். சளியில் ரத்தம் ஊசியால் வராது. முகமும் கழுத்தும் வீங்கிக் கழுத்து நரம்பு புடைப்பது, திடீரென்று நெஞ்சுவலியோடு மூச்சடைப்பது, ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவையும் அப்படியே. கட்டி ரத்தக்குழாயை அழுத்துவதும் ரத்தக்கட்டும் இந்த நோயிலேயே வரக்கூடியவை. காய்ச்சல் இல்லாமலே நாடி 110க்கு மேல் நிற்பதை ஆக்ஸிமீட்டர் காட்டிக்கொடுப்பது இங்கே பயன்படும். இம்யூனோதெரபி எடுப்பவர், மார்பில் ரேடியேஷன் முடித்து ஆறு மாதம் ஆகாதவர், ஓசிமெர்டினிப் போன்ற புற்றுநோய் மாத்திரை சாப்பிடுபவர் ஆகியோருக்கு வறட்டு இருமலும் நடந்தால் மூச்சு வாங்குவதும் சேர்ந்து வந்தால் சி.டி. ஸ்கேன் வரைக்கும் கேட்டு வாங்குங்கள். நுரையீரல் அழற்சிக்கு வைத்தியம் உண்டு, தாமதம்தான் கெடுதல்.

அக்குளில் நெறி கட்டுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஊசி போட்ட பக்கத்து அக்குளிலும் காறை எலும்புக்கு மேலேயும் நெறி கட்டலாம். புற்றுநோய் பரவலைத் தேடும் பெட் (PET) ஸ்கேனில் அது புற்றுநோய் பரவியது போலவே ஒளிரும். கட்டி வலது நுரையீரலில் என்றால் ஊசியை இடது கையில் போடச் சொல்லுங்கள். அவசரமில்லாத ஸ்கேன் என்றால் நான்கு முதல் ஆறு வாரம் கழித்து வைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தள்ள முடியாது என்றால் ஊசி போட்ட தேதியையும் கையையும் ஸ்கேன் படிவத்தில் எழுதிக் கொடுங்கள். பல மாதம் பயந்து கிடப்பதையும் தேவையில்லாத பயாப்ஸியையும் அந்த ஒரு வரி தவிர்க்கும்.

வாங்கும் இடம்: சென்னை பார்க் டவுன் நைனியப்ப நாயக்கன் தெரு மொத்தக் கடைகளில் விலை குறையலாம், ஆனால் பழுதானால் மாற்றிக்கொள்ளத் தெருமுனை மருந்துக்கடை வசதி. 2021 ஜூலையில் ஆக்ஸிமீட்டருக்கும் தெர்மாமீட்டருக்கும் வியாபார லாபத்தை 70 சதவீதத்துக்குள் அரசு கட்டுப்படுத்தியது. பெட்டியில் அச்சிட்ட விலையையும், தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் உரிம எண்ணையும் பாருங்கள். உரிம எண் இல்லாததை வாங்காதீர்கள். போன் கேமராவில் ஆக்ஸிஜன் பார்க்கும் செயலிகளை இந்த வேலைக்கு நம்பவே நம்பாதீர்கள். அடுத்த முறை மருத்துவமனை போகும்போது கருவியையும் எடுத்துப்போய், அங்குள்ள மானிட்டரை மாட்டியிருக்கும் அதே கையின் வேறு விரலில் மாட்டி ஒப்பிடுங்கள். பயன்படுத்தாத நாட்களில் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கசிந்தால் கருவி போச்சு.

ஊசி போட்ட இடத்திலேயே 30 நிமிடம் உட்காருங்கள். தீவிர ஒவ்வாமை பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும். பிளேட்லெட் 50,000க்குக் கீழே இருந்தால் மெல்லிய ஊசி கேட்டு, தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கீமோ நடக்கும்போது மூக்கில் விடும் உயிருள்ள ஃப்ளூ மருந்து வேண்டாம். கையில் போடுவதைக் கேளுங்கள். மருந்துப் புட்டியின் பேட்ச் எண்ணை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மூச்சடைத்தால் 108. பக்கவிளைவைப் பதிவுசெய்ய 1800-180-3024, கட்டணமில்லை, வேலை நாட்களில் மட்டும் பேசலாம்; மருந்தின் பெயர், பேட்ச் எண், ஊசி போட்ட நேரம், அறிகுறி தொடங்கிய நேரம் நான்கையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.