காம்போசிஷனா, ரெகுலரா: சின்னக் கடைக்கு எது கட்டுப்படியாகும்?

புதிதாக ஜிஎஸ்டி நம்பர் வாங்கும் கடைக்காரருக்குப் பெரும்பாலும் முதலில் கிடைக்கும் யோசனை, "காம்போசிஷனே எடுத்துக்கோங்க, ரிட்டர்ன் தொல்லை இல்லை" என்பதுதான். காம்போசிஷன் என்பது விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் எளிய ஜிஎஸ்டி திட்டம்; ரெகுலர் என்பது வழக்கமான முறை. தொல்லை குறைவு என்பது உண்மை. ஆனால் அதை மட்டும் வைத்து முடிவெடுத்தால் சில தொழில்களில் வருஷம் முழுக்கக் கைக்காசு போகும். யாருக்கு விற்கிறோம், என்ன மார்ஜினில் விற்கிறோம் என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் வேலைப்பளுவுக்கு வர வேண்டும்.

தமிழ்நாட்டில் சரக்கு விற்பவரின் ஆண்டு விற்றுமுதல் 1.5 கோடி ரூபாய்க்குள் இருந்தால் காம்போசிஷனில் சேரலாம். வியாபாரி விற்பனையில் 1 சதவீதம் கட்டுவார். அதை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது. சரக்கு வாங்கும்போது கட்டிய வரியை இன்புட் கிரெடிட்டாக எடுத்து, கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளவும் முடியாது. ரெகுலரில் அந்தந்தப் பொருளுக்குரிய வரியை பில்லில் போட்டு வாங்கி, இன்புட்டைக் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டுகிறோம்.

ஓர் எலெக்ட்ரிகல் கடையை எடுத்துக்கொள்வோம். 100 ரூபாய் வயர், 18 சதவீத வரியோடு 118 ரூபாய்க்கு வந்து இறங்குகிறது. வீட்டுக்காரர் ஒருவருக்கு 150 ரூபாய்க்கு விற்கிறார். காம்போசிஷனில் 1.50 வரி போக 30.50 நிற்கும். ரெகுலரில் அந்த 150-க்குள் 22.88 வரி அடங்கியிருக்கிறது; இன்புட் 18 கழித்து 4.88 கட்டினால் 27.12 மிஞ்சும். இங்கே காம்போசிஷன்தான் லாபம்.

இதையே ரெடிமேட் கடைக்குப் போட்டுப் பாருங்கள். 5 சதவீத வரிச் சட்டை ஒன்று வரியோடு 1,050-க்கு வந்து 1,200-க்குப் போகிறது. காம்போசிஷனில் 12 ரூபாய் வரி போக 138 நிற்கும். ரெகுலரில் 142.86. அதாவது 5 சதவீதப் பொருளில், விற்கும் விலையில் 21 சதவீதமாவது மார்ஜின் இருந்தால்தான் காம்போசிஷனால் பிரயோஜனம். 18 சதவீதப் பொருளுக்கு ஆறரை சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தாலே போதும். ஆடிட்டரிடம் போகும் முன் இந்தக் கணக்கை நம் கடை சரக்குக்கு நாமே போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

ஓட்டல்காரர் விஷயம் வேறு. காம்போசிஷனிலும் 5 சதவீதம். ரெகுலரிலும் சாதாரண ஓட்டலுக்கு இன்புட் இல்லாத 5 சதவீதம்தான். வரியில் பெரிய மிச்சம் இல்லை. ஆனால் வாடகையைக் கவனியுங்கள். கட்டட உரிமையாளருக்கு ஜிஎஸ்டி நம்பர் இல்லையென்றால், ரெகுலரில் இருப்பவர் வாடகைக்கு 18 சதவீதம் ரிவர்ஸ் சார்ஜில் தாமே கட்ட வேண்டும், ஓட்டலுக்கு அதில் இன்புட்டும் கிடைக்காது. காம்போசிஷனில் இருப்பவர்களுக்கு 2025 ஜனவரி 16 முதல் இதிலிருந்து விலக்கு இருக்கிறது. வாடகை அதிகமான இடத்தில் இது மட்டுமே முடிவை மாற்றிவிடும்.

வாடிக்கையாளர் ஜிஎஸ்டி நம்பர் உள்ளவராக இருந்தால் அலசவே தேவையில்லை. அதே வயரை ஒரு கான்ட்ராக்டர் ரெகுலர் கடையில் வாங்கினால் அவருக்கு அடக்கம் 127.12. காம்போசிஷன் கடையில் முழு 150. அவர் பக்கத்துக் கடைக்குத்தான் போவார். வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்புபவரும் ரெகுலர்தான் எடுக்க வேண்டும், காம்போசிஷனில் அதற்கு அனுமதியே இல்லை.

இப்போது வேலைப்பளு. காம்போசிஷனில் காலாண்டுக்கு ஒருமுறை வரி கட்ட சிஎம்பி-08 படிவம், வருஷத்துக்கு ஒரு ஜிஎஸ்டிஆர்-4 ரிட்டர்ன், அவ்வளவுதான். ரெகுலரில் மாதாமாதம் 11-ம் தேதி விற்பனை பில் விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1, 20-ம் தேதி இன்புட்டைக் கழித்து வரி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி. விற்றுமுதல் 5 கோடிக்குள் இருந்தால் காலாண்டு ரிட்டர்ன் திட்டம் இருக்கிறது. அதிலும் வரியை மாதாமாதம் கட்டியாக வேண்டும். சின்னக் கடைக்கு ரெகுலர் என்றால் இதை எடுப்பதே நல்லது.

தணிக்கை, நோட்டீஸ் என்று வரும்போது இரண்டும் வேறு வேறு இடத்தில் அடிக்கும். ரெகுலரில் சிக்கல் பெரும்பாலும் இன்புட்டில். சரக்கு அனுப்பியவர் அந்த பில்லைத் தன் ஜிஎஸ்டிஆர்-1-ல் காட்டாவிட்டால், நமக்குக் கிடைக்கும் இன்புட்டைப் போர்ட்டல் பட்டியலிடும் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் அது வராது. 2பி-யில் இல்லாததை 3பி-யில் எடுத்தால், ரிட்டர்னில் உள்ள வித்தியாசத்துக்கு விளக்கம் கேட்கும் ஏஎஸ்எம்டி-10 நோட்டீஸ் வரலாம், பதில் சொல்ல அதிகபட்சம் 30 நாள். தப்பு சப்ளையருடையது, அலைச்சல் நமக்கு. எனக்கு இதில் நியாயமே தெரியவில்லை. தற்காப்பு ஒன்றுதான்: மாதம் 14-ம் தேதி வாக்கில் 2பி-யை இறக்கி, கொள்முதல் பில்லோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, விடுபட்ட பில்லுக்கு சப்ளையரை அன்றே கூப்பிட்டுக் கேட்பது.

காம்போசிஷனில் கேள்வி வேறு: காட்டிய விற்பனை இவ்வளவுதானா? 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யுபிஐ வரவுகளை வைத்தே சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. தங்கை அனுப்பிய பணமும் கைமாற்றாக வாங்கியதும் கடைக் கணக்கில் விழுந்தால், எது விற்பனை, எது இல்லை என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். கடைக்கென்று தனி கியூஆர், தனிக் கணக்கு வைத்தே ஆக வேண்டும். வருமான வரி ரிட்டர்னில் காட்டும் விற்றுமுதலும் இதோடு ஒத்துப்போக வேண்டும்.

1.5 கோடி தாண்டிய நாளிலேயே காம்போசிஷன் முடிந்துவிடும். 7 நாளுக்குள் சிஎம்பி-04 போட்டு ரெகுலருக்கு மாற வேண்டும். கையிருப்புச் சரக்கின் இன்புட்டை ஐடிசி-01 போட்டு 30 நாளுக்குள் கேட்கலாம். கொள்முதல் பில் கையில் இருந்தால்தான் கிடைக்கும். ரெகுலரிலிருந்து காம்போசிஷனுக்குப் போக நினைப்பவர் அடுத்த நிதியாண்டுக்கு மார்ச் 31-க்குள் சிஎம்பி-02 போட்டு, அன்றைய இருப்பில் எடுத்த இன்புட்டைத் திருப்பிக் கட்ட வேண்டும். சரக்கு நிறையத் தேங்கியிருக்கும் கடை, மார்ச்சில் இருப்பைக் குறைத்துக்கொண்டு மாறுவது நல்லது.