பூனைகள் வாழும் வீட்டில் இரட்டை மிதி ராட்டை: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கம்பளி நூற்பதற்கென்று நான் வாங்கிய இரட்டை மிதி ராட்டை என் அறைக்கு வந்து ஓராண்டு நிறைந்துவிட்டது. இதுவரை அதில் ஏறத்தாழ இரண்டரை கிலோ செம்மறி ரோமத்தை நூலாக்கி, இரண்டு கம்பளிச் சட்டைகளும் ஐந்து ஜோடி காலுறைகளும் ஒரு பெரிய சால்வையும் பின்னியிருக்கிறேன். அதே காலத்தில் என் இரண்டு பூனைகளான சாம்பலும் முத்துவும் அந்த ராட்டையோடு ஒரே அறையில் வாழ்ந்திருக்கின்றன. ராட்டையைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அது எவ்வளவு மென்மையாக ஓடுகிறது, எவ்வளவு மெல்லிய நூலைத் தருகிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பூனை வளர்ப்பவருக்கு அது பாதிச் செய்திதான். நாளுக்கு 1 மணி நேரம் நூற்கிறோம் என்றால் மீதி 23 மணி நேரமும் ராட்டை சும்மா நிற்கிறது. அந்த நேரமெல்லாம் அதைச் சுற்றி வருவது பூனைகளே. ஆகவே இந்த ராட்டையை அது ஓடும்போதும் அது நிற்கும்போதும் தனித்தனியாக மதிப்பிட விரும்புகிறேன். இந்த அமைப்பில் பலரும் ராட்டை செய்வதால், தயாரிப்பாளரின் பெயரைச் சொல்லாமல் அமைப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இது நிமிர்ந்த வகை ராட்டை. சக்கரம் கீழேயும், நூலை முறுக்கிச் சுற்றும் ஃபிளையர் அதற்கு நேர் மேலேயும் இருப்பதால், ஒரு சிறிய நாற்காலிக்கு வேண்டிய இடமே இதற்கும் போதும். சக்கரத்தின் விட்டம் 45 சென்டிமீட்டர். ஃபிளையரோடு இணைந்த கப்பியில் வெவ்வேறு அளவில் பள்ளங்கள் இருக்கின்றன, 4.5 சென்டிமீட்டர் விட்டமுள்ள பள்ளத்தில் பெல்ட்டை மாட்டினால் சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் ஃபிளையர் 10 முறை சுற்றிவிடும். கால் ஒருமுறை மிதித்து எழுவதற்குள் கை 2 அங்குலம் ரோமத்தை விட்டால் நூலில் அங்குலத்துக்கு 5 முறுக்கு ஏறும், ஓர் அங்குலம் மட்டும் விட்டால் 10 ஏறும். நூற்பின் கணக்கு முழுவதும் இவ்வளவுதான் என்றாலும், அது கைக்குப் பழகுவதற்கு எனக்கு மூன்று மாதங்கள் ஆயின. பெரிய பள்ளத்தில் பெல்ட்டை மாட்டி மெதுவாக ஓட்டும் வசதி இருந்ததால்தான் அந்த மூன்று மாதங்களையும் பொறுமையாகக் கடக்க முடிந்தது. புதிதாகக் கற்பவர் வேகமான பள்ளத்தில் தொடங்கினால் நூல் கம்பியைப் போல முறுக்கேறி வளைந்துகொள்ளும்.

மிதிகளைப் பற்றி நல்லதையே சொல்ல வேண்டும். ஒற்றை மிதி ராட்டையில் ஒரு கால் மட்டும் உழைப்பதால் அரைமணி நேரத்தில் இடுப்பு ஒரு பக்கமாகச் சாய்வதை நான் உணர்ந்திருக்கிறேன். இதில் இரு கால்களும் மாறி மாறி மிதிப்பதால் சக்கரத்தை எந்த நிலையிலிருந்தும் கையால் தொடாமலே ஓட்டத் தொடங்கலாம், நினைத்த இடத்தில் நிறுத்தலாம். இந்த நிறுத்தும் வசதியை நான் முதலில் பெரிதாக நினைக்கவில்லை. சாம்பலுக்கு வயதாகிவிட்டதால் என் காலடியில் வந்து படுப்பதே அதற்கு விருப்பம். அதன் வால் மிதிக்கும் தரைக்கும் இடையில் சென்றதைக் கண்ட அந்தக் கணத்திலேயே குதிகாலை அழுத்திச் சக்கரத்தை நிறுத்த முடிந்தபோது இந்த அமைப்பின் அருமை புரிந்தது. ஆனாலும் மிதிகளின் அடியில் இருக்கும் இடைவெளி பூனையின் வாலோ பாதமோ நசுங்கும் அளவுக்குக் குறுகலானது என்பதால், இப்போது உட்காருவதற்கு முன் குனிந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

நூல் சுற்றப்படும் பாபினின் பள்ளத்தில் ஒரு மெல்லிய கயிறு படிந்து பிரேக்காக வேலை செய்கிறது. ஃபிளையர் தொடர்ந்து சுற்ற, பாபின் அதைவிடச் சற்றே பின்தங்க, அந்த வேறுபாட்டினால் நூல் உள்ளே இழுக்கப்படுகிறது. கயிற்றை இறுக்கும் முளையை மயிரிழை திருப்பினாலே இழுப்பின் வலிமை மாறுவது கைக்குத் தெரியும். மெரினோ போன்ற மென்மையான ரோமத்தை மெல்லியதாக நூற்பவருக்கு இந்த நுட்பம் இன்றியமையாதது. ஒரு பாபினில் 100 கிராம் அளவுக்கு நூல் தாராளமாகக் கொள்ளும். ஒற்றைப் புரி நூலை ஒரு திசையில் முறுக்கி, பிறகு இரண்டு அல்லது மூன்று புரிகளைச் சேர்த்து எதிர்த் திசையில் முறுக்கும்போதுதான் நூல் சமநிலை அடைகிறது. அவசரப்பட்டு ஒற்றைப் புரியிலேயே நான் பின்னிய கழுத்துத்துணி, மிச்சமிருந்த முறுக்கினால் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. இதே ராட்டையில் மூன்று புரியாக்கி, வெதுவெதுப்பான நீரில் அசைக்காமல் 20 நிமிடம் ஊறவைத்து உலர்த்திய சிட்டமோ, கையில் பிடித்துத் தொங்கவிட்டால் எந்தப் பக்கமும் திரும்பாமல் நேராக நிற்கிறது. காலுறைகளின் குதிகால் பகுதி ஓராண்டாகியும் தேயவில்லை. நூற்கும் கருவியாக இதன்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை.

குறைகள் நான் எழுந்து போன பிறகு தொடங்குகின்றன. கழுவப்படாத செம்மறி ரோமத்தில் இருக்கும் இயற்கையான கொழுப்பின் மணம் பல பூனைகளை ஈர்க்கிறது. சில பூனைகள் குட்டியாக இருந்தபோது தாயிடம் செய்ததைப் போல ரோமத்தை முன்கால்களால் பிசைந்து, வாயில் வைத்துச் சப்பவும் செய்யும். சியாமீஸ், பர்மன் இனங்களில் இப்பழக்கம் கூடுதலாகக் காணப்படுகிறது. முத்து எந்த இனமும் அல்லாத சாதாரணப் பூனைதான் என்றாலும், அதற்கும் அந்த ஆசை இருக்கிறது. ராட்டையிலோ நூலின் முனை ஃபிளையரின் துளை வழியாக வெளியே வந்து, பூனையின் முகத்துக்கு நேரான உயரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த முனையைக் கவ்வி நிறுத்தவோ, துளையை மூடவோ இந்த ராட்டையில் எதுவும் இல்லை.

நான்காம் மாதத்தில் ஒரு மாலை, தொலைபேசி ஒலித்ததால் எழுந்து சென்றேன். திரும்பி வந்தபோது முத்து ராட்டையின் முன் அமர்ந்திருந்தது; நூல் பாபினிலிருந்து புறப்பட்டுத் துளையைக் கடந்து அதன் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. இழுத்து எடுத்துவிட வேண்டும் என்றுதான் கை முதலில் துடித்தது. அதைச் செய்யவே கூடாது. பூனையின் நாக்கில் இருக்கும் முட்கள் தொண்டையை நோக்கிச் சாய்ந்திருப்பதால், வாய்க்குள் போன நூலைத் துப்புவது அதற்கு மிகக் கடினம். நாக்கை அசைக்க அசைக்க நூல் உள்ளேதான் செல்லும். நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையின் முடிவிலோ சிக்கி, மறுமுனை குடலுக்குள் இறங்கிவிட்டால், குடல் தன் இயல்பான அசைவினால் சுருக்குப்பையின் வாயைப் போல அந்த நூலின் மேல் மடிந்து மடிந்து ஏறும். அந்த நிலையில் இழுக்கப்படும் நூல் குடற்சுவரையே அறுத்துவிடக்கூடும். நான் ராட்டையின் பக்கத்தில் நீளம் விட்டு நூலை வெட்டி, தொங்கும் பகுதியோடு முத்துவைத் துணியில் சுற்றி உடனே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றேன். மருத்துவர் முதலில் நாக்கைத் தூக்கி அடியில் பார்த்தார். பிறகு மயக்கமருந்து கொடுத்து, குழாய்க் கருவியை இறக்கி, இரைப்பையைத் தாண்டாமல் இருந்த நூலை முழுதாக வெளியே எடுத்தார். அரை மணி நேரம் தாமதித்திருந்தால் அறுவை சிகிச்சை தேவைப்பட்டிருக்கலாம் என்று அவர் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். ராட்டையோடு வந்த கையேட்டை வீட்டுக்கு வந்து மீண்டும் படித்தேன். எண்ணெய் இடுவது எப்படி என்பதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கிய அந்தக் கையேட்டில், வளர்ப்பு விலங்குகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நூற்பவர்களில் எத்தனையோ பேர் பூனை வளர்ப்பவர்கள் என்பது ராட்டை செய்பவர்களுக்குத் தெரியாததல்ல.

பெல்ட்டும் கவலை தருவதே. நீளும் தன்மையுள்ள நெகிழிப் பெல்ட் நூற்பதற்கு மிகவும் வசதியானது. காற்றின் ஈரத்துக்கேற்பத் தளர்ந்து இறுகும் பருத்திக் கயிற்றைப் போல அடிக்கடி சரிசெய்ய வேண்டியதில்லை. ஆனால் முத்து அதைக் கடிக்கிறது, கடித்துத் துண்டானால் அந்தத் துண்டும் விழுங்கத்தக்கது. சக்கரத்தைப் பூட்டி வைக்க வழி இல்லாததால் பூனை காலால் தட்டினாலே அது சுழலும். ஆரங்களுக்கும் பக்கத்தூணுக்கும் இடையில் பாதம் அகப்படும் வாய்ப்பும் உண்டு. மிதிகளையும் சக்கரத்தையும் இணைக்கும் தண்டுகளைக் கழற்றி வைத்தாலும் இது தீராது, சக்கரம் இன்னும் எளிதாகச் சுழலும் என்பதைச் சோதித்துப் பார்த்துவிட்டேன். ஓர் ஆரத்தைத் தூணோடு அகலமான துணிப்பட்டையால் கட்டுவதே பயன் தந்தது.

ராட்டையின் அச்சுக்கு இடும் எண்ணெயைத் துளித்துளியாக இட்டு உடனே துடைத்துவிட்டால் அச்சமில்லை. ரோமத்தை அந்துப்பூச்சியிடமிருந்து காக்கும் முறையில்தான் கவனம் வேண்டும். நாஃப்தலின் உருண்டைகள் பூனைகளுக்கு நஞ்சு. செறிவான வாசனை எண்ணெய்களில் பலவும் அவற்றின் கல்லீரலால் எளிதில் சிதைக்க முடியாதவை. நான் ரோமத்தை இறுக மூடிய பெட்டிகளில் வைக்கிறேன். ஐயம் வந்தால் பையிலிட்டு உறைபெட்டியில் சில நாள்கள் வைத்து எடுக்கிறேன்.

இவ்வளவு சொன்ன பிறகு, பூனையும் ராட்டையும் சேர்ந்து எனக்குத் தந்த ஒரு மகிழ்ச்சியைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. சாம்பலைச் சீவும்போது சீப்பில் சேரும் மென்மையான அடிமுடியை ஒரு பருவம் முழுவதும் சேர்த்து வைத்தேன். பூனை முடி குட்டையானது, வழுக்குவது. தனியாக நூற்றால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். மூன்று பங்கு செம்மறி ரோமத்தோடு ஒரு பங்கு பூனை முடியைக் கலந்து சிக்கெடுத்து, வேகமான பள்ளத்தில் பெல்ட்டை மாட்டி, பிரேக்கை நன்றாகத் தளர்த்தி நூற்றபோது, புகைநிறத்தில் மெல்லிய பஞ்சுத்தன்மையுள்ள நூல் கிடைத்தது. இந்த ராட்டையின் நுட்பமான பிரேக் இல்லாவிட்டால் அது முடிந்திருக்காது. அந்த நூலில் ஒரு ஜோடி மணிக்கட்டு உறை பின்னியிருக்கிறேன்.

தனி அறையில் பூட்டி வைக்க முடிந்தவர்கள் இந்த ராட்டையைத் தயங்காமல் வாங்கலாம். என்னைப் போல ஒரே அறையில் நூற்று, பின்னி, பூனைகளோடு உறங்குபவர்கள், ராட்டை வந்த அன்றே அதற்கு முழு உறை ஒன்றைத் தைத்துக்கொண்ட பிறகு நூற்கத் தொடங்க வேண்டும். சுருக்குக் கயிறு வைத்த உறை கூடாது, அந்தக் கயிறும் பூனைக்கு நூல்தான். அழுத்துப் பொத்தான்கள் போதும். நான் எழும்போதெல்லாம் நூலின் முனையைத் துளைக்குள் தள்ளி ஃபிளையரின் கொக்கியில் நான்கு சுற்றுச் சுற்றி, சக்கரத்தைக் கட்டி, தடித்த பருத்தித் துணியால் ஆன உறையைத் தரைவரை இறக்கிப் பொத்தானிடுகிறேன். இதற்கு 2 நிமிடம் பிடிக்கிறது. உறையின் மேல் முத்து ஏறிப் படுக்கிறது. ராட்டை சாயவில்லை, அடிப்பாகத்தை அகலமாகவும் கனமாகவும் செய்திருக்கிறார்கள்.