பண்டைக் கிரேக்கத்துக்கு ஜிஎஃப்எஸ் டிடோ எழுத்துரு: ஒரு மதிப்புரை

ஏதென்ஸில் 1992-இல் தொடங்கப்பட்ட கிரேக்க எழுத்துருக் கழகம் வெளியிட்டுள்ள ஜிஎஃப்எஸ் டிடோவைக் கொண்டு, பண்டைக் கிரேக்க மேற்கோள்கள் நிறைந்த ஒரு நூலைச் சில மாதங்களாக அச்சுக்கோத்து வருகிறேன். 1805-இல் ஃபிர்மன் டிடோ உருவாக்கிய கிரேக்க அச்செழுத்துகளைத் தழுவி டாகிஸ் காட்சூலிடிஸ் வடிவமைத்த இந்த எழுத்துரு, திறந்த உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

எந்தக் கிரேக்க எழுத்துருவிலும் நான் முதலில் தட்டிப் பார்ப்பது ஓர் ஆல்ஃபாவைத்தான்: தலைமேல் மூச்சுக்குறியும் (சொல்லின் தொடக்கத்தில் ‘ஹ’ ஒலி உண்டா இல்லையா என்று காட்டும் வளைந்த குறி) அழுத்தக்குறியும், காலடியில் அயோட்டா என்ற எழுத்தின் சிறிய வடிவமும் சேர்ந்த ஆல்ஃபா. கிரேக்க நாடு 1982-இல் மூச்சுக்குறிகளைக் கைவிட்டு ஒற்றை அழுத்தக்குறி முறைக்கு மாறிவிட்டதால், கிரேக்கம் உண்டு என்று சொல்லிக்கொள்ளும் பல எழுத்துருக்களில் இந்த வடிவம் இருப்பதில்லை. கணினி அதை வேறோர் எழுத்துருவிலிருந்து எடுத்து ஒட்ட, சொல்லின் நடுவே ஓர் எழுத்து மட்டும் தடித்தோ மெலிந்தோ துருத்திக்கொண்டு நிற்கும். டிடோவில் மேலுள்ள இரு குறிகளும் முட்டிக்கொள்ளாமல் அருகருகே அமைகின்றன, அயோட்டாவும் தெளிவாகத் தெரிகிறது. இதற்காகவே இதைத் தேர்ந்தெடுத்தேன்.

நிறுவுவது எளிது. ஸீலாடெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளில், எழுத்துருக்களைக் கையாளும் ஃபாண்ட்ஸ்பெக் தொகுப்பின் வழியே எழுத்துருவின் பெயரைக் குறிப்பிட்டு, மொழிகளைக் கையாளும் பாலிகுளோசியா தொகுப்பில் மொழியைப் பண்டைக் கிரேக்கம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டால், சொற்களை வரியிறுதியில் உடைப்பதும் அம்மொழியின் விதிப்படியே நடக்கும்.

எழுத்துருவைவிட அதிக நேரத்தை விழுங்கியது மூலக்கோப்புதான். எனக்கு வந்த கோப்பு, எல்லா மொழி எழுத்துகளுக்கும் குறியெண் தரும் யூனிகோடு முறைக்கு முந்தைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சானது. எழுத்துருவை மாற்றியதும் கிரேக்கம் மறைந்து பொருளற்ற லத்தீன் எழுத்துகள் வந்தன. பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய தமிழ்க் கோப்புகளைத் திறந்து பார்த்தவர்களுக்கு இந்தத் தவிப்பு புரியும். மாற்றி முடித்த பிறகும் ஒரு சிக்கல் இருந்தது: அழுத்தக்குறியிட்ட ஆல்ஃபாவுக்கு யூனிகோடில் இரண்டு குறியெண்கள் உள்ளன, தாளில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தாலும், ஒன்றைத் தேடினால் மற்றது சிக்குவதில்லை. ஆகவே கோப்பு முழுவதையும் இத்தகைய இரட்டைக் குறியெண்களை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிய பின்னரே சொல்லடைவைத் தொடங்கினேன்.

குறைகளும் உண்டு. இதிலுள்ள லத்தீன் எழுத்துகள் ஹெர்மன் சாப்ஃப் வடிவமைத்த பாலட்டினோ எழுத்துருவைத் தழுவியவை என்பதால், அவை அழகாயிருந்தும் கிரேக்கத்தோடு ஒரே கையெழுத்தாகத் தோன்றவில்லை. 8 புள்ளி அளவிலான அடிக்குறிப்புகளில் மெல்லிய கோடுகள் மங்கி, மூச்சுக்குறி எப்பக்கம் வளைகிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. அந்தப் பகுதிக்கு மட்டும் ஜென்டியம் எழுத்துருவைப் பயன்படுத்துகிறேன்.