அரீனாவில் பல வருடங்கள்: ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்கு

சமகால டிசைன், கலை, புகைப்படம் என்று புதிதாக ஏதாவது பார்க்கத் தோன்றினால் நான் முதலில் திறப்பது அரீனா (Are.na) தளத்தைத்தான். சந்தா கட்டிப் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். லைக் பட்டன் கிடையாது, விளம்பரம் கிடையாது, அல்காரிதம் பொறுக்கிக் கொடுக்கும் ஃபீடும் கிடையாது. உறுப்பினர்களின் சந்தாவில் ஓடுகிறது.

வேலை செய்யும் விதம் எளிது. படம், சுட்டி, குறிப்பு, பிடிஎஃப் எதைப் போட்டாலும் அது ஒரு பிளாக். பிளாக்குகளைச் சேர்த்து வைக்கும் இடம் சேனல். ஒரே பிளாக்கை யார் வேண்டுமானாலும் தங்கள் சேனலிலும் இணைத்துக்கொள்ளலாம். அப்புறம் அந்த பிளாக்கைத் திறந்தால் அது எந்தெந்தச் சேனல்களில் இருக்கிறது என்ற பட்டியல் தெரியும். இந்தப் பட்டியலுக்காகவே சந்தா கட்டலாம் என்பேன். ஒரு படத்தை இன்னொருவர் எதோடு சேர்த்துப் பார்க்கிறார் என்பது அதில் தெரிந்துவிடுகிறது.

ஜெர்மன் புகைப்படக் கலைஞர்களான பெர்ன்ட், ஹில்லா பெக்கர் தம்பதியின் தண்ணீர்த் தொட்டிப் படங்களை ஒரு சேனலில் போட்டு வைத்திருந்தேன். 1959-லிருந்து இருவரும் சேர்ந்து தொழிற்சாலைக் கட்டுமானங்களைப் படமெடுத்தவர்கள். மேகமூட்டமான வானம், நேரெதிர்க் கோணம், மனித நடமாட்டம் இல்லை. தனியாக ஒரு தொட்டியைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தோன்றாது. ஒன்பதை வரிசையாக மாட்டும்போதுதான் ஒன்றின் கால்கள் மெலிந்தும் இன்னொன்றின் கூரை கூம்பாகவும் இருப்பது கண்ணில் படும். அந்த பிளாக்கின் பட்டியலில் ஒருவர் டுசெல்டார்ஃப் கலைக் கல்லூரிக்கென்றே சேனல் வைத்திருந்தார். பெர்ன்ட் 1976-லிருந்து அங்கே ஆசிரியராக இருந்தவர். ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கி, தாமஸ் ஸ்ட்ரூத், கேண்டிடா ஹோஃபர் எல்லாரும் அவரிடம் படித்தவர்கள். ஹோஃபரின் நூலகப் படங்களில் அப்படியே நின்றுவிட்டேன். ஆளே இல்லாத வாசிப்பு அறை, வரிசை மாறாத மேசை விளக்குகள், மேலே மேலே ஏறிப்போகும் அலமாரிகள்.

இதுவரை வந்தது ஆசிரியர், மாணவர் என்று யாரும் ஊகிக்கக்கூடிய வழிதான். அடுத்தது அப்படியல்ல. ஹோஃபரின் படத்தை முகம் தெரியாத ஒருவர் ‘காகிதம்’ என்ற சேனலில் இணைத்திருந்தார். அதில் அடுத்ததாக இருந்தது இந்தியப் புகைப்படக் கலைஞர் தயாநிதா சிங்கின் ஆவண அறைப் படம்: துணியில் கட்டி, கூரை வரை அடுக்கிய கோப்பு மூட்டைகள், கறுப்பு வெள்ளையில். ஹோஃபரிடம் ஒழுங்காகத் தெரிந்த அதே காகிதம் இங்கே பாரமாகத் தெரிந்தது. படங்களை மாற்றி மாற்றி அடுக்கிக்கொள்ளும்படி மரச் சட்டகங்கள் செய்து, அவற்றையே அருங்காட்சியகம் என்று அழைப்பவர் அவர். 2022-இல் புகைப்படக் கலைக்கான ஹாசல்பிளாட் விருது பெற்றார். தண்ணீர்த் தொட்டியிலிருந்து கோப்பு மூட்டைக்கு என்னை எந்த அல்காரிதமும் கொண்டுபோயிருக்காது. காகிதத்தின் மேல் ஆசை வைத்த ஒரு மனிதர் கொண்டுபோனார்.

ஆனால் கலைஞரின் பெயர் இல்லாமல் கிடக்கும் படங்கள் இங்கேயும் உண்டு. இணையம் முழுக்க இருக்கும் நோய் இது. பெயர் போனால் வழியும் போய்விடும் என்பதால் பெயர் தெரியாத எதையும் நான் சேமிப்பதில்லை. படத்தை வைத்தே தேடும் டின்ஐ (TinEye) தளத்தில் படத்தைப் போட்டு ‘பழையது முதலில்’ என்று வரிசைப்படுத்தினால் பெரும்பாலும் மூலத்துக்குப் பக்கத்தில் வந்துவிடலாம். கணினி உருவாக்கிய படங்கள் பெருகிவிட்ட இப்போது இந்த வேலை இன்னும் அவசியம்.

பெயர் கிடைத்ததும் கலைஞரின் சொந்தத் தளம், அப்புறம் அருங்காட்சியகத் தளங்கள். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1929-லிருந்து நடத்திய கண்காட்சிகளின் ஆவணங்களை 2016-இல் இணையத்தில் திறந்துவிட்டது. படங்கள் சுவரில் எப்படித் தொங்கின, எவ்வளவு பெரிதாக இருந்தன என்பதை அங்கே பார்க்கலாம். கைபேசியில் எல்லாமே ஒரே அளவு என்பதால் இந்தப் படி எனக்கு முக்கியம்.

முழு பிராண்டிங் வேலையை வரைவு முதல் இறுதி வடிவம் வரை பார்க்க விரும்புகிறவர்களுக்கு, டிசைனர்கள் தங்கள் வேலைகளைப் போட்டு வைக்கும் பிஹான்ஸ் (Behance) தளம்தான் பொருத்தம். அரீனா மெதுவாகத் தேடுகிறவர்களுக்கானது. இலவசக் கணக்கில் பிளாக்குகளுக்கு வரம்பு உண்டு, ஆனால் பழகிப் பார்க்க அது போதும்.

தொடங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ‘நல்ல டிசைன்’ என்று சேனல் திறக்காதீர்கள், அதில் எல்லாமே அடங்கும், எதுவும் நிற்காது. ‘இழுக்கும் கயிறுகள்’ என்று திறந்து, ஜப்பானிய டிசைனர் நவோட்டோ ஃபுகசாவா முஜி நிறுவனத்துக்காக வடிவமைத்த சுவர் சிடி பிளேயரை முதலில் போடுங்கள். மின்விசிறியின் கயிற்றை இழுப்பது மாதிரி இழுத்தால் பாட்டு வரும். அதை வேறு யாரெல்லாம் எங்கே இணைத்திருக்கிறார்கள் என்று அப்புறம் பாருங்கள்.