அணி போன ஊருக்கு எது மிஞ்சும்? சியாட்டில், கிளீவ்லாந்து, விம்பிள்டன்

1995 நவம்பர் 6 அன்று, கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணியை பால்டிமோருக்குக் கொண்டுபோகிறேன் என்று உரிமையாளர் ஆர்ட் மோடெல் அறிவித்தார். மறுநாளே அந்த வட்டாரத்தில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. மைதானத்தைப் புதுப்பிப்பதற்காக மது, சிகரெட் மீதான வரியை நீட்டிக்கலாமா என்பது கேள்வி. அணி போவது தெரிந்த பிறகும் மக்கள் சரி என்றே வாக்களித்தார்கள். மோடெலுக்காகப் போட்ட வாக்கு அல்ல அது. ஆட்டமே இல்லாத ஊராகிவிடக் கூடாதே என்ற தவிப்பில் போட்ட வாக்கு என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

சட்டப்படி அணி என்பது உரிமையாளரின் சொத்து. வரிப்பணத்தில் மைதானம் கட்டிக்கொடுத்த ஊருக்கும், தாத்தா காலத்திலிருந்து டிக்கெட் வாங்கிவரும் குடும்பத்துக்கும் அதில் பங்குப் பத்திரம் கிடையாது. அவர் மூட்டை கட்டும்போது ஊர் எதைக் கேட்பது? பணத்தையா, பெயரையா? அல்லது அவரிடம் எதையும் கேட்காமல் புதிய அணியைத் தொடங்கிவிடுவதா?

பணம் வாங்கிய ஊர் சியாட்டில். 1967இல் தொடங்கி 1979இல் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் கோப்பையை வென்ற சூப்பர்சோனிக்ஸ் அணியை, ஸ்டார்பக்ஸ் புகழ் ஹோவர்ட் ஷுல்ட்ஸ் 2006இல் ஓக்லஹோமா சிட்டியைச் சேர்ந்த கிளே பென்னெட்டின் குழுவுக்கு 35 கோடி டாலருக்கு விற்றார். அரங்கக் குத்தகை 2010 வரை இருந்தது. அதைக் காட்டி மாநகராட்சி வழக்குத் தொடுத்தது. 2008 ஜூலை 2, தீர்ப்பு வரவேண்டிய நாளிலேயே சமரசம் முடிந்தது. 4.5 கோடி டாலர் கொடுத்துவிட்டு அணி கிளம்பியது. பெயரும் நிறங்களும் வருங்கால சியாட்டில் அணிக்கு என்று ஒதுக்கப்பட்டன. முதல் ஆண்டை சியாட்டிலில் ஆடிய கெவின் டுராண்ட் ஓக்லஹோமாவில் பெரிய நட்சத்திரமானார். 2025இல் அந்த அணி கோப்பையையும் வென்றது.

மாநகராட்சியை நான் முழுதாகக் குறை சொல்ல மாட்டேன். அரங்கத்துக்கு மேலும் பொதுப்பணம் தருவதில்லை என்பது வாக்காளர்களின் முடிவும்தான். ஆனால் அந்த 4.5 கோடியில் ஒரு காசுகூட, ஆட்ட நாளின் மாலையில் மகளைக் கூட்டிக்கொண்டு அரங்கத்துக்குப் போன தகப்பனின் கையில் எதையும் திருப்பி வைக்கவில்லை. 2013இல் சாக்ரமெண்டோ கிங்ஸ் அணியை வாங்கி சியாட்டிலுக்குக் கொண்டுவர ஒரு குழு முயன்றது. மற்ற உரிமையாளர்கள் 22-8 என்ற வாக்கில் மறுத்துவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று. தான் அழுத அழுகையை இன்னோர் ஊரை அழவைத்துத் தீர்த்துக்கொள்வது நியாயம் இல்லை.

சியாட்டில் கதையில் பலர் கவனிக்காத பகுதி ஒன்று உண்டு. பென்னெட் வாங்கியதில் ஸ்டார்ம் என்ற பெண்கள் கூடைப்பந்து அணியும் இருந்தது. 2008இல் உள்ளூர்ப் பெண்கள் சிலர் சேர்ந்து அதை 1 கோடி டாலருக்கு வாங்கி ஊரிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்த அணி 2010, 2018, 2020 ஆண்டுகளில் கோப்பை வென்றது. வழக்கால் நிற்காத அணி போனது. ஊரார் வாங்கிய அணி நின்றது.

கிளீவ்லாந்து பிடிவாதமாகப் பெயரைக் கேட்டது. 1995 டிசம்பரில் நடந்த கடைசி உள்ளூர் ஆட்டத்தில் ரசிகர்கள் இருக்கைகளைப் பிடுங்கி மைதானத்துக்குள் எறிந்தார்கள். 1996 பிப்ரவரி உடன்பாட்டின்படி பெயர், நிறம், பழைய சாதனைகள் எல்லாம் ஊரில் தங்கின. 1999க்குள் ஓர் அணி தரப்படும் என்று லீக் வாக்களித்தது. மோடெலின் ஆட்டக்காரர்கள் பால்டிமோரில் ரேவன்ஸ் என்ற புதுப் பெயரில் ஆடினார்கள். இது எவ்வளவு பெரிய வெற்றி என்பது பால்டிமோரின் பழைய காயத்தைப் பார்த்தால் தெரியும். 1984 மார்ச்சில் ஓர் இரவில் லாரிகளில் சாமான்களை ஏற்றி கோல்ட்ஸ் அணி இண்டியானாபோலிஸுக்குப் போனபோது, பெயரும் வரலாறும் சேர்ந்தே போயின. பறிகொடுத்த அந்த ஊரே பின்னால் இன்னோர் ஊரிடமிருந்து பறித்துக்கொண்டது என்பதை நினைத்தால் இன்றும் மனம் கசக்கிறது.

பிரவுன்ஸின் பழைய நட்சத்திரம் ஜிம் பிரவுனின் ஓட்டங்களும் 1964ஆம் ஆண்டுக் கோப்பையும் கிளீவ்லாந்தின் ஏட்டிலேயே இருக்கின்றன. ஆனால் 1999இல் வந்த புதிய அணியும் தனியார் சொத்துதான். 2017இல் 16 ஆட்டங்களிலும் தோற்றது. அதைக்கூட ரசிகர்கள் பொறுத்துக்கொண்டார்கள். இப்போதைய உரிமையாளர்களான ஹாஸ்லம் குடும்பத்தினர், ஏரிக்கரை மைதானத்தை விட்டு புரூக் பார்க் என்ற புறநகருக்கு அணியைக் கொண்டுபோக முடிவெடுத்திருக்கிறார்கள். மாநகராட்சி முதலில் எதிர்த்தது, 2025இல் உடன்பட்டுவிட்டது. பெயரை வென்ற ஊருக்கும் சாவி கிடைக்கவில்லை.

விம்பிள்டனில்தான் சாவி ரசிகர்களின் கைக்கு வந்தது. 1889இல் பிறந்த தென்மேற்கு லண்டன் கால்பந்துக் கழகம் அது. 1988இல் லிவர்பூலை 1-0 என்று வென்று இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கியது. 1991இல் பிளவ் லேன் மைதானத்தை இழந்து, கிரிஸ்டல் பேலஸ் கழகத்தின் மைதானத்தில் ஒண்டுக்குடித்தனம் நடத்தியது. 2002 மே மாதம், சுமார் 80 கிலோமீட்டர் வடக்கே உள்ள மில்டன் கீன்ஸுக்கு அணியை மாற்ற, இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் அமைத்த மூவர் குழு 2-1 என்று அனுமதித்தது. ரசிகர்கள் புதுக் கழகம் தொடங்குவது கால்பந்தின் பொது நலனுக்கு உகந்ததல்ல என்றும் அக்குழு எழுதியது. அந்த வரியை எழுதிய கைக்கு, ஓர் ஊர் தன் அணியை எப்படிச் சுமக்கிறது என்பது துளியும் தெரிந்திருக்கவில்லை.

சில வாரங்களிலேயே ரசிகர்கள் ஏ.எஃப்.சி. விம்பிள்டனைத் தொடங்கி, ஊர்ப் பொதுவெளியில் ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்தார்கள். ஒன்பதாம் பிரிவில் ஆரம்பம். ஒன்பது ஆண்டுகளில் ஐந்து முறை மேலேறி, 2011இல் லூட்டனை பெனால்டியில் வென்று நான்காம் பிரிவான ஃபுட்பால் லீக்குக்குள் நுழைந்தார்கள். இடையில் 2007இல், பழைய கோப்பைகளின் உரிமையை மில்டன் கீன்ஸ் கழகம் விம்பிள்டன் இருக்கும் மெர்ட்டன் நகராட்சியிடம் ஒப்படைத்தது. மில்டன் கீன்ஸில் பிறந்து அந்த அணியை நேசிக்கும் சிறுவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தக் கோப்பைகள் வந்து சேர்ந்த இடம்தான் சரியான இடம். 2020 நவம்பரில், பழைய மைதானத்துக்குக் கூப்பிடு தூரத்தில், புதிய பிளவ் லேனில் முதல் ஆட்டம் நடந்தது. அதைக் கட்டி முடிக்க ரசிகர்கள் கடன் பத்திரம் வாங்கியே 50 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டியிருந்தார்கள். பெருந்தொற்றுக் காலம் என்பதால் அன்று இருக்கைகள் காலியாக இருந்தன.

மூன்றில் என் வாக்கு விம்பிள்டனுக்கே. ஆயினும் அதை சியாட்டிலுக்கு அப்படியே பரிந்துரைக்க முடியாது. இங்கிலாந்தில் ஒன்பதாம் பிரிவிலிருந்து வென்று வென்று ஏறலாம். அமெரிக்காவின் பெரிய லீக்குகளுக்கு ஏணியே இல்லை. உள்ளே இருப்பவர்கள் கதவைத் திறந்தால்தான் இடம்.

ஆகவே அமெரிக்க ஊர்கள் கொலம்பஸ் நகரைப் பார்க்க வேண்டும். மோடெல் போன அதிர்ச்சியில், கிளீவ்லாந்தும் கொலம்பஸும் இருக்கும் ஒஹாயோ மாநிலம் 1996இல் ஒரு சட்டம் போட்டது. வரிப்பணம் பெற்ற மைதானத்தில் ஆடும் அணி, ஊரின் சம்மதம் இல்லாமல் வெளியேறுவதானால் ஆறு மாதம் முன்னறிவிப்புத் தர வேண்டும். உள்ளூராருக்கு வாங்கும் வாய்ப்பும் தர வேண்டும். 2017இல் கொலம்பஸ் க்ரூ கால்பந்து அணி ஆஸ்டினுக்குப் போகப் பார்த்தபோது, ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள். மாநிலமும் மாநகராட்சியும் இந்தச் சட்டத்தோடு நீதிமன்றம் போயின. அணி கைமாறி, ஊரிலேயே தங்கி, 2020இல் கோப்பை வென்றது. அதை வாங்கியவர்களில் அதே ஹாஸ்லம் குடும்பமும் உண்டு. மைதானத்துக்கு வரிப்பணம் கேட்டு உரிமையாளர் வரும் நாளில்தான் ஊருக்குப் பலம் அதிகம். பெயரும் நிறமும் ஊருக்கு, விற்பதானால் முதல் வாய்ப்பு ஊராருக்கு என்ற இரண்டு வரிகளை அன்றைக்கே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிட வேண்டும்.