பதின்மூன்று வாரக் கணக்கு: பிலிப்பைன்ஸ் சீரியல்களை வருடக்கணக்கில் பார்த்ததில் பிடிபட்டவை

பிலிப்பைன்ஸ் சீரியலை முதல் இரண்டு வாரத்தை வைத்து எடை போடாதீர்கள். அந்தப் பத்து எபிசோடும் ஒளிபரப்புக்கு வெகு முன்பே நிதானமாக எடுத்தவை. வெளியூர் லொகேஷன், ட்ரோன் ஷாட், தனித்தனியாக லைட்டிங் என்று பார்க்க சினிமா போலவே இருக்கும். சரக்கு என்ன என்பது ஆறாவது வாரத்தில்தான் தெரியும். கையிருப்பு தீர்ந்து, இந்த வாரம் எடுத்ததை இந்த வாரமே போட வேண்டிய நெருக்கடி வரும்போது வசனம், ஒளி, எடிட்டிங் மூன்றும் தாக்குப்பிடிக்கிறதா என்று பாருங்கள். தாக்குப்பிடித்தால் தைரியமாகத் தொடரலாம்.

அங்கே இவற்றுக்கு டெலிசெர்யே என்று பெயர். 2000 நவம்பரில் ஏபிஎஸ்-சிபிஎன் சேனலில் தொடங்கிய 'பங்காகோ சா யோ' காலத்திலிருந்து புழங்கும் பெயர் அது. சீரியல் என்ற சங்கதி அதற்கு வெகு முன்பே, 1963 முதல் இருக்கிறது. 1990களின் 'மாரா கிளாரா' ஏறக்குறைய ஐந்து வருடம் ஓடியது. 1996இல் உள்ளூர் மொழியான டாகாலோக் டப்பிங்கில் வந்த மெக்சிகோ தொடர் 'மாரிமார்' உள்ளூர்த் தயாரிப்பாளர்களை உலுக்கிவிட்டது. பளபளப்பான படப்பிடிப்பு, வேகமான கதை, முடிவு என்று ஒன்று இருப்பது ஆகியவற்றுக்கு மக்கள் பழகிவிட்டார்கள். 2003 வாக்கில் தைவான், கொரியத் தொடர்களும் வந்து சேர, பழைய இழுவை மட்டும் போதாது என்றாகிவிட்டது.

பதின்மூன்று வாரம்தான் அங்கே அடிப்படை அலகு. திங்கள் முதல் வெள்ளி வரை வாரம் ஐந்து எபிசோட் என்றால் ஒரு சீசனுக்கு 65. ரேட்டிங் ஏறினால் நீட்டிப்பு, விழுந்தால் அவசரமாக மூட்டை கட்டுவார்கள். ஆகவே எந்தக் கதையும் எங்கே முடியும் என்று எழுதுபவர்களுக்கே தொடக்கத்தில் தெரியாது. பெரும்பாலான குறைகளுக்கு வேர் இதுதான். குழு உட்கார்ந்து வாரக்கதையைப் பேசி, காட்சி வரிசை போட்டு, வசனம் எழுதி அனுப்பும்போது செட்டில் நடிகர்கள் மேக்கப்போடு காத்திருப்பார்கள். வாரத்தில் மூன்று நாள் ஷூட்டிங் என்பது பழைய வழக்கம். நெருக்கடி வந்தால் இரண்டாவது யூனிட் ஒன்று சேரும். ஒரே அத்தியாயத்தில் கதாநாயகியின் முகம் ஒரு காட்சியில் மஞ்சளாகவும் அடுத்ததில் நீலமாகவும் தெரிந்தால் இரண்டு யூனிட்டின் கைவேலை என்று அர்த்தம்.

நீட்டிப்பு வந்ததைத் தெரிந்துகொள்ள செய்தி படிக்கத் தேவையில்லை, எபிசோடே சொல்லிவிடும். ஒரு நிமிடமாக இருந்த 'முன்கதை' மூன்று நிமிடமாகும். தீம் பாட்டு நடுவில் முழுச் சரணத்தோடு வரும், அதற்கு ஸ்லோமோஷனில் பழைய காட்சிகள். புதன்கிழமை தொடங்கிய வாய்ச்சண்டையில் கன்னத்தில் அறை விழ வெள்ளிக்கிழமை ஆகும். பிறகு யாருக்காவது நினைவு தப்பும், அல்லது செத்துப்போன வில்லிக்கு ஒரு அக்கா வந்து இறங்குவாள். முக்கால் மணி நேர ஸ்லாட்டில் விளம்பரம் போகக் கதைக்கு அரை மணிக்கும் குறைவாகவே மிஞ்சும். அதில் இதையெல்லாம் கழித்துப் பாருங்கள். கடைசி வாரத்துக்கு மட்டும் விதி ஒன்றுண்டு: கடத்தல், பாழடைந்த கிடங்கு, துப்பாக்கி, அப்புறம் கல்யாணம். நல்ல எழுத்தாளர்கள்கூட இந்தக் கிடங்கைத் தாண்ட மாட்டார்கள்.

நீளம் தரத்தை என்ன செய்கிறது என்பதற்குக் கண்ணெதிரே ஒரு சோதனை இருக்கிறது. 'லின்லாங்' 2023 அக்டோபரில் அமேசான் பிரைம் வீடியோவில் சுருக்கமான தொடராக வந்தது. கப்பல் வேலைக்குப் போன முன்னாள் குத்துச்சண்டை வீரன், அவன் மனைவி, அவளோடு உறவு வைத்திருக்கும் அவனுடைய சொந்தச் சகோதரன் என்று மூவரின் கதை. பாவ்லோ அவெலினோ, கிம் சியூ, ஜேஎம் டி குஸ்மான் நடித்தது. அதே தொடர் 2024இல் கூடுதல் காட்சிகளோடு சீரியல் வடிவமாகத் தொலைக்காட்சியில் மாதக்கணக்கில் ஓடியது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் பாடமே நடத்தலாம். சுருக்கமான வடிவத்தில் சந்தேகம் ஒரு பார்வையிலேயே முடியும். நீளமானதில் அதே சந்தேகத்தை மூன்று பேர் மூன்று வீட்டில் உட்கார்ந்து பேசுவார்கள். ஆனால் பக்கத்துப் பாத்திரங்களுக்கு உயிர் வந்தது நீளமான வடிவத்தில்தான் என்பதையும் சொல்ல வேண்டும். குடும்பத்தின் மூத்தவளாக வரும் மாரிசெல் சொரியானோவுக்காகவே அதைப் பார்க்கலாம்.

நடிப்பில் அவர்களைக் குறை சொல்ல முடியாது, முக்கியமாக வில்லிகளை. 'பங்காகோ சா யோ'வில் வேலைக்காரியாக இருந்து துரத்தப்பட்டு, பெரும் பணக்காரியாகத் திரும்பி வரும் அமோர் பவர்ஸாக யூலா வால்டெஸும், அவளுடைய எதிரி கிளாடியாவாக ஜீன் கார்சியாவும் மோதும் காட்சிகளை இன்றும் அங்கே மேடையில் நடித்துக் காட்டுகிறார்கள். அந்த எபிசோடுகளில் கேமரா அதிகம் அலையாது. இரண்டு முகம், குளோசப், எதிர் குளோசப், அவ்வளவுதான். காதல் ஜோடி வேறு ஜெரிக்கோ ரொசாலெஸ், கிறிஸ்டின் ஹெர்மோசா. ஊர் பேசியதோ பெரும்பாலும் அமோரையும் கிளாடியாவையும்தான். 2015 மறு ஆக்கத்தில் ஜோடி சாண்டா மரியாவும் ஆஞ்சலிகா பாங்கனிபனும் அதே பாரத்தை ஏற்றார்கள்.

இனி சமூகச் செல்வாக்கு. ரேட்டிங்கை வைத்து அளக்க வேண்டாம், அது நம்ப முடியாத தராசு. 2007 கடைசியில் ஏபிஎஸ்-சிபிஎன், ரேட்டிங் அளக்கும் நிறுவனமான ஏஜிபி நீல்சனோடு நீதிமன்றம் வரை போய் மோதியது. அதன்பின் பல ஆண்டு அந்தச் சேனல் இன்னொரு ரேட்டிங் நிறுவனமான காந்தாரின் கணக்கையும் போட்டிச் சேனலான ஜிஎம்ஏ ஏஜிபி நீல்சன் கணக்கையும் காட்டின. ஒரே இரவில் இருவருமே முதலிடம்! எந்தத் தொடரைப் பற்றி யார் பதறினார்கள் என்று பார்ப்பதே மேல்.

'ஆங் ப்ரோபின்ஸ்யானோ' 2015 செப்டம்பரில் தொடங்கி 2022 ஆகஸ்ட் வரை 1,696 எபிசோட் ஓடியது. கோக்கோ மார்ட்டின் நடித்த கார்டோ டலிசாய் நேர்மையான போலீஸ்காரன். 2018 நவம்பரில் கதையில் போலீஸ் தலைமையே ஊழலில் திளைப்பதாகக் காட்டியதும் உண்மையான தேசியப் போலீஸுக்குக் கோபம் வந்துவிட்டது. உள்துறைச் செயலாளர் எடுவார்டோ ஆன்யோ கதையை மாற்றாவிட்டால் சட்ட நடவடிக்கை என்றார். ஷூட்டிங்குக்குத் தந்துவந்த ஒத்துழைப்பைப் போலீஸ் நிறுத்திக்கொண்டது. பிறகு பேசித் தீர்த்துக்கொண்டார்கள். போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையில் போலீஸ் கையால் ஆயிரக்கணக்கானோர் செத்துக்கொண்டிருந்த காலம் அது என்பதை நினைவில் வைத்துப் பார்த்தால் அரசுக்கு ஏன் சுருக்கென்று தைத்தது என்று புரியும்.

2013இல் ஜிஎம்ஏ போட்ட 'மை ஹஸ்பண்ட்ஸ் லவர்' வேறு மாதிரி. மனைவி, கணவன், கணவனின் பழைய காதலன். பிரைம் டைமில் ஓரினக் காதலை நடுக்கதையாக வைத்த முதல் தொடர். கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து ஆட்சேபம் வந்தது, ஆனாலும் நிற்கவில்லை. மனைவியை ஏமாளியாகவோ கணவனைக் கோமாளியாகவோ காட்டாமல் மூன்று பேரின் வலியையும் சமமாக எழுதியது அதன் பலம். டென்னிஸ் ட்ரில்லோவும் டாம் ரொட்ரிகெஸும் ஒரே அறையில் தள்ளித் தள்ளி நிற்கும் காட்சிகளில் வசனமே தேவைப்படவில்லை.

கள்ளக்காதல் தொடர்கள் ஏன் இத்தனை என்று கேட்பவர்களுக்கு: அந்த நாட்டில் விவாகரத்து கிடையாது. முஸ்லிம்களுக்கு மட்டும் தனிச் சட்டம் உண்டு. மற்றவர்கள் திருமணமே செல்லாது என்று வழக்கு நடத்த வேண்டும், அதற்குப் பணமும் வருடங்களும் ஆகும். குற்றவியல் சட்டத்திலோ மனைவி ஒரே முறை தவறினாலும் குற்றம், ஆறு ஆண்டு வரை சிறை. கணவன் மீதான குற்றமோ, வைப்பாட்டியைக் குடும்ப வீட்டிலேயே வைத்திருந்தான், அல்லது வேறிடத்தில் சேர்ந்து வாழ்ந்தான், அல்லது ஊரறிய அவமானமாக நடந்துகொண்டான் என்று நிரூபித்தால்தான் நிற்கும், தண்டனையும் குறைவு. 2014இன் 'தி லீகல் வைஃப்', 2016 இறுதியில் தொடங்கிய 'இகா-6 நா உட்டோஸ்' போன்றவற்றில் தாலி கட்டிக்கொண்டவள் ஆதாரம் தேடி ஓட்டல் ஓட்டலாக ஓடுவது வெறும் மசாலா இல்லை, சட்டம் போட்ட முடிச்சு. ஆனால் இந்தத் தொடர்கள் அந்தச் சட்டத்தை நோக்கிக் கேள்வி கேட்பதே அபூர்வம். அடி விழுவது எப்போதும் இன்னொரு பெண்ணின் தலையில்தான். எனக்குப் பெரிய குறை இது.

ஒரு தொடர் ஒரு மலையைப் படுத்திய கதையும் உண்டு. 'ஃபாரெவர்மோர்' 2014–15இல் பெங்கெட் மாகாணத்தின் தூபா ஊராட்சியில், சாண்டோ தோமாஸ் மலையில் எடுக்கப்பட்டது. கதையில் 'லா பிரெஸா' என்ற ஸ்ட்ராபெரித் தோட்ட ஊர். வார இறுதியில் வேன் வேனாக ரசிகர்கள் போய் இறங்க, குறுகலான மலைப்பாதையில் நெரிசல், காட்டுப் பகுதியில் குப்பை. பாதுகாக்கப்பட்ட வனம் அது. கடைசியில் சுற்றுலாவுக்குக் கட்டுப்பாடு கொண்டுவர வேண்டியதாயிற்று.

நல்ல பக்கத்துக்கு எடுத்துக்காட்டு 'மரியா கிளாரா அட் இபார்ரா' (2022 அக்டோபர் – 2023 பிப்ரவரி). ஸ்பானிய ஆட்சிக்கால எழுத்தாளர் ஹோசே ரிசால் 1887இல் வெளியிட்ட 'நோலி மீ டாங்கெரே'யும் 1891இன் 'எல் ஃபிலிபுஸ்டெரிஸ்மோ'வும் பள்ளியில் எல்லோரும் கொட்டாவி விட்டுக்கொண்டே படிப்பவை. ரிசால் பாடம் 1956 சட்டப்படி கட்டாயம். அந்தப் பாடமே பிடிக்காத நர்சிங் மாணவி கிளே (பார்பி ஃபோர்டேசா) நாவலுக்குள் போய் விழுகிறாள். கைத்தொலைபேசித் தலைமுறைப் பெண் ஸ்பானியப் பாதிரியிடம் எதிர்த்துப் பேசுகிறாள், பிள்ளைகளை இழந்து பித்துப்பிடிக்கும் சீசாவைக் காப்பாற்றப் பார்க்கிறாள், முடியவில்லை. கதை எப்படிப் போகும் என்று தெரிந்தும் மாற்ற முடியாத தவிப்புதான் நாடகம். ஆசிரியர்கள் வகுப்பில் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள், மாணவர்கள் நாவலைத் தேடிப் போனார்கள். நாவல்களுக்கு ஏற்கெனவே முடிவு இருந்ததால் 105 எபிசோடில், 21 வாரத்தில், கதையும் கண்ணியமாக முடிந்தது.

திரைக்குப் பின்னால் நடப்பதையும் தரத்தின் கணக்கில் சேர்க்க வேண்டும். விடிய விடிய ஷூட்டிங் நடப்பது அங்கே நீண்டகாலப் புகார். 2016இல் இரண்டு இயக்குநர்கள் அடுத்தடுத்து இறந்தபின் தொழிலாளர் துறை வேலை நேரத்துக்கு வழிகாட்டுதல் தந்தது. 2019 ஜூனில் 90 வயது நடிகர் எடி கார்சியா செட்டில் கேபிள் தடுக்கி விழுந்து, சில நாளில் இறந்தார். அவர் பெயரிலேயே 2024 மே மாதம் சட்டம் வந்தது: வழக்கமாக எட்டு மணி நேரம், மிஞ்சினால் நாளைக்குப் 14, வாரத்துக்கு 60. பதினான்கே அதிகம்தான். ஆனாலும் முன்பிருந்த நிலைக்கு இது தேவலை.

2020 மே மாதம் ஏபிஎஸ்-சிபிஎன்னின் உரிமம் காலாவதியாகி ஒளிபரப்பு நின்றது. ஜூலையில் நாடாளுமன்றக் குழு 70க்கு 11 என்ற வாக்கில் புதுப்பிக்க மறுத்தது. பார்ப்பவர்களுக்கு இதன் விளைவு இரண்டு. தொடர்கள் யூடியூபுக்கும் ஓடிடிக்கும் இடம் மாறியதால் வெளிநாட்டிலிருந்து பார்ப்பது எளிதாயிற்று. கொரோனா காலத்தில் குழுவையே வாரக்கணக்கில் ஓரிடத்தில் தங்கவைத்து எடுத்ததில் ஸ்கிரிப்டை முன்கூட்டியே முடிக்கும் பழக்கமும் கொஞ்சம் வந்தது. அந்தக் காலத் தொடர்களில் சந்தை, தேவாலயம் போன்ற கூட்டக் காட்சிகள் குறைவு, ஆனால் கதை நேராகப் போகும்.

பார்க்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். இரண்டு சேனல்களின் யூடியூப் பக்கங்களிலும் நிறையக் கிடைக்கும். சிலது உங்கள் நாட்டில் திறக்காது, சிலது துண்டு துண்டாக இருக்கும். துண்டுகளை வைத்துக் கதை தொடர முயலாதீர்கள், சண்டைக் காட்சிகளை மட்டும்தான் வெட்டிப் போடுவார்கள். தானியங்கி சப்டைட்டிலை நம்ப வேண்டாம். பாதி வாக்கியம் டாகாலோக், மீதி ஆங்கிலம் என்று பேசுவதால் அது தடுமாறும். ஓடிடியில் வருபவற்றுக்கு மனிதர் எழுதிய சப்டைட்டில் இருக்கும். வெளிநாட்டுக்கு விற்ற பதிப்புகளை வேறாக வெட்டியிருப்பார்கள், எபிசோட் எண் ஒத்துப்போகவில்லை என்று குழம்ப வேண்டாம்.

முதலில் 'மரியா கிளாரா', பிறகு 'லின்லாங்' சுருக்க வடிவம். மனம் லேசாக வேண்டுமென்றால் 2012இன் 'பி கேர்ஃபுல் வித் மை ஹார்ட்': விமானப் பணிப்பெண்ணாக ஆசைப்பட்டு ஆயாவாக வேலைக்குச் சேரும் மாயாவும் அவள் 'சர் சீஃப்' என்றழைக்கும் முதலாளியும். கல்யாணம் வரை அருமை, அதற்கப்புறம் நீட்டிப்பு, கல்யாணத்தோடு எழுந்துவிடலாம். 'ப்ரோபின்ஸ்யானோ'வை முழுதாகப் பார்க்கத் துணியாதீர்கள். எபிசோடுக்கு அரை மணி வைத்தாலும் கிட்டத்தட்ட 850 மணி நேரம். தினம் இரண்டு பார்த்தால் இரண்டேகால் வருடத்துக்கு மேல் ஆகும். இரட்டைச் சகோதரனுக்குப் பதில் கார்டோ களமிறங்கும் தொடக்க மாதங்களும், போலீஸைச் சீண்டிய 2018 கடைசிப் பகுதியும் போதும்.